காத்திருப்போர் குழு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மாடிப்படி ஏறும்போது முழங்கால் இன்னும் வலிக்கிறதா? நான் நலம், அசதி மட்டும்தான்.

எங்கள் ஆய்வில் மூன்று வகை மனநலச் சிகிச்சைகளை ஒப்பிடுகிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, எந்தச் சிகிச்சையும் தொடங்காமல் காத்திருக்கும் ஒரு குழுவும் உண்டு. அவர்களிடம் வாராவாரம் போனில் தூக்கம், பசி பற்றி விசாரிப்பது என் வேலை. அவர்களில் ஒரு பெண்மணி தானாகவே தேறிவிட்டார். "நீ கேப்பேன்னுதான் நேரத்துக்குச் சாப்பிடறேன், கண்ணு" என்றார்.

பேராசிரியர் சிரித்தார். "நீயே ஒரு சிகிச்சையாயிட்டே. ஆய்வு கெட்டுடும்." போன் வேலையைப் பதிவுசெய்த குரலுக்கு மாற்றிவிட்டார். கவலைப்படாதீர்கள், என் வேலை போகவில்லை. இப்போது அவர்கள் சொல்லும் பதில்களைக் கணினியில் ஏற்றுகிறேன். நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும், "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்று கொடுத்துவிடாதீர்கள். நீங்களும் எதையாவது கேளுங்கள்.

பஸ் வருகிறது.

உங்கள் மகள்