துவாலு கிளப்

மழை வந்துவிட்டதே என்று, காயப் போட்டிருந்த உன் துவாலையை எடுக்க ஓடினேன். நனைந்தும் அதில் நீ எழுதிய 'துவாலு' அழியவில்லை. உள்ளே டிவியில் ஒலிம்பிக் அணிவகுப்பின் மறு ஒளிபரப்பு. துவாலு, அதே சின்ன நாடு, நடந்து வந்தது. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

நான்கு வருடம் முன்பு இதே மண்ணூர் அறையில்தான் அதை முதலில் பார்த்தோம். அந்த நாட்டுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். பேரைக் கேட்டு நான் சிரித்தேன்.

"இன்னாடா, தலை தொடைக்கிற துவாலையா? நம்ம கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியும் ஒண்ணா ஷிஃப்ட் விட்டா அந்த நாட்டு ஜனத்தவிட கூட்டம் கூடும்."

கொடி பிடித்து வந்தவன் பளுதூக்குகிறவன் என்று டிவியில் சொன்னதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "அம்புட்டுப் பேருக்கும் சேத்துல்லாலே தூக்கிட்டு வாரான்."

நீயும் தூக்குகிறவன்தான். ஜிஐ பைப், இரு முனையிலும் கான்கிரீட் ஊற்றிய பெயின்ட் டின். இடது பக்கம் கனம் அதிகம் என்று நான் நிறுத்துக் காட்டியபோது, "நான் நொட்டாங்கைக்காரன்லா, சரியாப் போச்சு" என்றாய். மாவட்டப் போட்டிக்குப் போக மட்டும் பயம். மூன்று முயற்சியும் தவறினால் முடிவுப் பட்டியலில் பேரே வராது. அணிவகுப்பு முடிந்ததும் சொன்னாய்: "ஞாயித்துக்கெழம போட்டி. ஓவர்டைமுக்கு வரலன்னு சொல்லிருதேன்."

போட்டியில் எந்த கிளப் என்று கேட்டார்கள். நமக்கு ஏது கிளப்? நீ யோசிக்கவே இல்லை. "துவாலு." மைக்கிலும் அப்படியே கூப்பிட்டார்கள்.

முதல் முயற்சி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் கம்பி தலைக்கு மேல் நின்றது. நடுவர் 'டவுன்' என்றார். நீ இறக்கவில்லை. மறுபடியும் சொன்னார்.

"போட்டுத் தொலைடா, தோள் கழண்டுரும்" என்று கத்தினேன்.

கடைசி இடம்தான். ஆனால் விசை, எடை எல்லாம் படித்துத் தேறிய எனக்கு, ஒரு மனிதன் அவ்வளவு அசையாமல் நிற்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏன் இறக்கவில்லை என்று பஸ்ஸில் கேட்டேன். துவாலையால் முகத்தைத் துடைத்தாய். "கொடிய எவனாவது பொத்துன்னு கீழ போடுவானாலே?" மறுநாள் கம்பெனியில் பாகங்களுக்குக் குறி போடும் மார்க்கரால் துவாலையில் அந்த நாட்டின் பேரெழுதினாய்.

போன வருடம் ஒரகடம் சாலையில் உன் பைக்கை லாரி இடித்தது. எனக்கு மிஞ்சியது இந்தத் துவாலைதான்.

இன்று அறைக்குப் புதிதாக வந்தவன் டிவியைப் பார்த்துச் சிரித்தான். "துவாலையாம்ணே. இது எந்த ஊரு?"

ஈரத் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நம்ம கிளப்பு. எந்திரிடா."