செல்வி தூக்கிய குடம்

அன்புள்ள ஜெகதீசுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. வல்லக்கோட்டை முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். ஜப்பானில் வெயில் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் ஷிப்ட் முடிந்த தூக்கத்தில் ம்ம் என்கிறாய், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை யுவஸ்ரீ எழுதுகிறாள், படம் எடுத்து அனுப்புவாள். கொரோனாவில் படிப்பை விட்டவள், எழுத்து மட்டும் இன்னும் முத்து முத்தாக இருக்கிறது.

நம் தெரு ஆடி வெள்ளிக் குடத்தை ஒரு யூடியூப் சேனல்காரர் வந்து வீடியோ எடுத்தாரே, அந்த வீடியோவை நீ எல்லோருக்கும் அனுப்பி, எங்கள் முன்னோரின் அறிவு என்று எழுதியிருந்தாய். ஊரை நினைக்கிறாயே என்று சந்தோஷம்தான். ஆனால் கண்ணு, அந்த முன்னோர் நம் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இசக்கிசெல்விதான். கொரோனா முதல் வருஷம் நீ புனேயில் மாட்டிக்கொண்டிருந்தாய், இங்கே தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள், கம்பெனியும் கோயிலும் மூடிக் கிடந்தன. திருநெல்வேலிப் பக்கம் தன் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போக முடியாமல் அழுதவள், ஒரு வெள்ளிக்கிழமை நம் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் எடுத்துப் போய் வீட்டுக்கு வீடு தெளித்தாள். ஒட்டி நிற்கக் கூடாதே என்று, ரேஷன் கடையில் போட்ட மாதிரி, வாசல்தோறும் கோலமாவில் வட்டம் போட்டு அதற்குள் நின்றோம். வருஷாவருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது அந்த வட்டத்தை முன்னோர் வகுத்த சக்கரம் என்கிறார் சேனல்காரர், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் செல்வி பெயரைச் சொன்னேன், அதை வெட்டிவிட்டார்.

சிரித்ததெல்லாம் அன்றோடு சரி. வாடகைக்கு வந்த பொண்ணு இன்னாத்துக்குத் தூக்கணும், பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து நம்ம வூட்டுப் பொம்பளைங்க தூக்கினு வர்றதாச்சே என்கிறாள் எதிர்வீட்டுச் சந்திரலேகா. உன் பாட்டன் மாஸ்க் போட்டுக்கினு வந்தானாடி, மொத வருஷம் வட்டத்துல நின்னு இன்னும் ரெண்டு சொட்டு தெளிம்மான்னு தலையக் காட்டினது நீதானே என்றேன். அம்பதாயிரம் பேர் பாத்துகிறான், அவனுங்கல்லாம் முட்டாளா என்கிறாள். செல்வி காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. விடுங்கக்கா, ஒங்க ஊரு வழக்கம், நீங்களே தூக்குங்க, நான் அன்னைக்கு ஓவர்டைம் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவள் அன்று எங்களோடு சாப்பிடவே இறங்கவில்லை.

என் பழைய போன் செத்துவிட்டது. முதல் வருஷம் யுவஸ்ரீ எடுத்து உனக்கு அனுப்பிய வீடியோ உன்னிடம்தான் இருக்கும். செல்வி, பாத்துத் தெளிடி, பொடவை நனையுது என்று நான் கத்துவது அதில் கேட்கும். அதைத் தேடி எடுத்து, முன்னே யார் யாருக்கு அனுப்பினாயோ அத்தனை பேருக்கும் அவள் பெயர் போட்டு அனுப்பு. உன்னைக் குறை சொல்லவில்லையப்பா, தூரத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொள்ள ஊர் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. அவளும் ஊரை விட்டு வந்தவள்தானே. நீ அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் வெள்ளிக்கிழமை குடத்தைத் துலக்கி அவள் இடுப்பில்தான் வைப்பேன்.

நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இரு. வெள்ளிக்கு முன்னால் அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெயலட்சுமி

அண்ணா, அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அந்த வட்டங்களை முதலில் போட்டவள் நான். யார் போட்டது என்று சேனல்காரர் என்னைத்தான் கேட்டார், கேமராவைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை, அவரே முன்னோர் என்று சொல்லிக்கொண்டார். என் பெயர் வேண்டாம், செல்வி அக்கா பெயரை மட்டும் போடு. யுவஸ்ரீ.