பதினொரு பூட்டு

ஜூன் 3
பயிற்சியின் முதல் நாள். பொதுச் சுகாதாரத் தொழில்நுட்பத்தில் மாணவர்களின் பங்கு பற்றி ஒருங்கிணைப்பாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் ஒரு நோயாளிகூட வரவில்லை. வேலை இவ்வளவுதான்: டேப்லெட்டோடு வீடு வீடாகப் போய், காய்ச்சல் உண்டா என்று கேட்டு, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ அழுத்த வேண்டும். ‘இல்லை’ என்றால் வரைபடத்தில் அந்த வீடு பச்சையாகும். பச்சையைக் கண்டால் அவர் முகம் மலர்கிறது. பச்சை சார் என்று பெயர் வைத்தாயிற்று.

ஜூன் 5
பூட்டிய வீட்டுக்கு எதை அழுத்துவது?
“இல்லைன்னு போடும்மா. காலியா விட்டா அடுத்த வீட்டுக்குப் போகாது,” என்றார் பச்சை சார்.
இதற்குப் பெயர் தொழில்நுட்பமாம்!
என்னோடு வரும் நர்ஸ் அக்கா டேப்லெட்டைத் தொடுவதே இல்லை. ஓரம் கிழிந்த நோட்டில் கதவு எண்ணையும் ‘பூட்டு’ என்றும் எழுதிக்கொண்டு நடக்கிறார். அதுவும் எனக்குச் சிரிப்புத்தான்.

ஜூன் 9
அக்கா வேறு தெருவுக்குப் போய்விட்டார். நான் தனியாக. பதினொரு பூட்டு, பதினொரு பச்சை. வாழ்க விஞ்ஞானம்.

ஜூன் 14
திட்டத்தை மதிப்பிட்டு மாணவர் அறிக்கை எழுத என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.
“நீ நல்லா எழுதுவியாமே. ரெண்டு பக்கம் ஜோரா எழுதிக் குடு, சான்றிதழ்ல சிறந்த மாணவின்னு போட்டுடலாம்,” என்றார் பச்சை சார்.
வீட்டில் அண்ணன்: “அடேயப்பா, ஆபீசரம்மா! எங்களையும் ஞாபகம் வச்சுக்குங்க.”
கிழித்துத் தொங்கவிடப் போகிறேன். முதல் வரி தயார்: ‘பச்சை அடிக்க மாணவர்கள் எதற்கு? பெயின்டர் போதுமே.’

ஜூன் 16
நான் தனியாகப் போன தெருவிலிருந்து, நீலக் கதவு வீட்டு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார். எட்டு நாளாகக் காய்ச்சல். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பதாம் தேதி மருந்துக் கடைக்குப் போயிருந்தார்களாம். வரைபடத்தில் பச்சை. என் பச்சை.
அப்படித்தானே செய்யச் சொன்னாங்க — இதையா எழுதப்போறே? அழுத்தினது யார் விரல்? என்னையே கேட்டுக்கொண்டேன்.
“அக்கா, அது நான் போட்டது.”
“தெரியும். திரையில உன் பேரு இருக்கே. மீதி பத்து எந்த வீடு?”
தெரியவில்லை. வரைபடத்தில் எல்லாம் ஒரே பச்சை. இந்த டைரியில் பார்த்தால் எண்ணிக்கையும் ஒரு கிண்டலும் மட்டும்.

ஜூன் 17
ஒன்பதாம் தேதி வீடு பூட்டியிருந்ததா என்று கேட்டுக்கொண்டே தெரு முழுவதும் மறுபடி தட்டினோம். ஒன்பது வீடு கிடைத்தது. இரண்டில் காய்ச்சல். இன்னும் ஒன்று பாக்கி.

ஜூன் 20
முதல் வரியை மாற்றிவிட்டேன்: ‘ஒன்பதாம் தேதி பதினொரு பூட்டிய வீடுகளுக்குக் காய்ச்சல் இல்லை என்று நான் பதிவு செய்தேன்.’
“இதை மட்டும் எடுத்துடும்மா,” என்றார் பச்சை சார். எடுக்கவில்லை. சான்றிதழ் விழாவில் எல்லார் பெயரையும் படித்தார்கள்; என் பெயரோடு ‘சிறந்த மாணவி’ இல்லை.
கைதட்டல் முடியுமுன் கிளம்பி, அக்காவோடு போனேன். பாக்கியிருந்த அந்தக் கடைசி வீடு, மாடியில். ஒரு தாத்தா கதவைத் திறந்தார். அக்கா நோட்டை என்னிடம் நீட்டினார். கதவு எண்ணை எழுதினேன். பக்கத்தில்: காய்ச்சல் இல்லை. கேட்டேன்.