எழுதாமல் விட்ட மூன்றாம் மூலை

வசம்பு வாசனை இன்னும் போகவில்லை. பிஸ்கட் தகரப் பெட்டியின் மூடியைக் கத்தி முனையால் நெம்பியதும் முகத்தில் அடித்தது. பூச்சி அரிக்காமல் இருக்க நான்தான் துண்டு துண்டாகப் போட்டு வைத்திருந்தேன். உள்ளே நம் சொல்லட்டைகள் வரிசை குலையாமல், நீ கட்டிய சிவப்பு நூலோடு அப்படியே இருக்கின்றன.

நேற்று உன் பேராசிரியர் ஆள் அனுப்பியிருந்தார். கல்லூரிப் பியூன் சைக்கிளை வேம்பில் சாய்த்துவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அம்மிணி விட்டுட்டுப் போன ஆராய்ச்சிய சாரே முடிச்சு அச்சுக்குக் குடுக்கறாருங்களாமா. அம்மிணி பேரும் வருமாமா. இந்த அட்டைப் பொட்டி மட்டும் வேணுமுங்களாமா."

"அம்மிணி எழுதுன முன்னுரையும் வருமுங்களா?" என்றேன்.

"அதைய எடுத்துட்டுத்தான் போடோணும்னு பேசிக்கிட்டாங்க. எனக்கென்னங்க தெரியும்."

நாளை மறுநாள் வாருங்கள், பதில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். பதில் எனக்கு நேற்றே தெரியும். ஆனாலும் ஒரு தடவை உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லலாம் என்றுதான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, தினம் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் நாத்தனாராக மட்டும்தான் முதலில் உன்னை எனக்குத் தெரியும். உனக்கும் நான் அடுப்பும் பூஜையும் பால் நோட்டுமாக இருக்கிற அண்ணிதான். அது மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இடத்தில். நீ வந்து மூன்று கரண்டிகளை எடுத்து முக்கோணமாக வைத்தாய்.

"அண்ணி, இதுக மூணும் குட்டிக் காந்தம்னு வெச்சுக்குங்க. பக்கத்தால இருக்கறது எந்தப் பக்கம் பாக்குதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் பாத்தாத்தான் ஒண்ணொண்ணுக்கும் நிம்மதி. எங்கே, நிம்மதியா வெச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

முதல் கரண்டியை வடக்கே பார்த்து வைத்தேன். அடுத்ததைத் தெற்கே பார்த்து. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டில் ஒன்றோடு சண்டை.

"இது நம்மூட்டுச் சங்கதியாட்டவே இருக்குதே அம்மிணி" என்றேன்.

"யாரச் சொல்லறா அவ?" என்று உள்ளே இருந்து அத்தையின் குரல் வந்தது. நீ புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். அப்புறம் கேட்டாய், இப்படித் தீராமல் நிற்கிற நிலைக்குத் தமிழில் என்ன பேர் வைக்கலாம் என்று. "மனத்தாங்கல்" என்றேன். நீ சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாய். நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னொருவர் எழுதி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலக் கவியின் புத்தகம் எப்போதும் உன் பையில் இருக்கும். மாடு கறக்கும்போது பக்கத்தில் நின்று வாசித்து அர்த்தம் சொல்வாய். அந்தக் கவிதைகளில் சொற்களும் காந்தம் போலத்தான் நடந்துகொள்கின்றன என்பது உன் துணிபு. மகிழ்ச்சி அழகை அண்டி வருகிறது. அழகு இறப்பை அண்டி வருகிறது. மகிழ்ச்சியும் இறப்பும் மட்டும் ஒன்றையொன்று கண்டால் ஒதுங்குகின்றன. மூன்றையும் ஒரே பாட்டுக்குள் வைத்தவனுக்கு ஏதாவது ஒரு மூலையில் மனத்தாங்கல் தீரவே தீராது. இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? எந்தச் சொல் எந்தச் சொல்லுக்குப் பக்கத்து வரியில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிக் காட்ட வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் அப்படி எண்ணும் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குத் துளையிட்ட அட்டை வேண்டும். துளையிடுகிறவருக்குப் பார்த்து அடிக்கக் கையெழுத்து அட்டை வேண்டும்.

காந்தமா கவிதையா என்று முடிவு பண்ணிக்கொண்டு வா என்று உன் பட்ட ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர் சொன்னார். அட்டை எழுதப்போவது நான் என்று தெரிந்ததும், சமையல்கட்டில் ஆராய்ச்சி வேகுமா என்று கல்லூரியில் மற்றவர்கள் கேட்டார்களாம். நீ வந்து அதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. வேகிறதா என்று பார்த்துவிடலாம் என்றுதான் தோன்றியது. உர மூட்டையிலும் மருந்துப் பாட்டிலிலும் எழுத்துக்கூட்டி நானாகக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் என்னுடையது. பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் சொஸைட்டிக்கு ஊற்றுகிற பாலில் கால் படி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டு. மத்தியானத்தில் பூஜை அறை வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையின் தலையிலும் பிள்ளையார் சுழி போட்டு, கீழே ஒரு சொல், அதன் கீழே வரி எண் என்று எழுதினேன். முறத்தில் அடுக்கிப் பெட்டியில் சேர்த்தேன்.

அப்போது நான் மாசமாக இருந்தேன். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போனது உனக்குத் தெரியும். இறப்பைச் சொல்லும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். அது வரும் வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சாமி வாசலில், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பிள்ளையார் சுழிக்குக் கீழே அதை எழுதுவதா? தாண்டிவிட்டேன். அடுத்த முறை வந்தபோதும் தாண்டினேன். ஆயிரமாயிரம் சொற்களில் ஒரு சொல் போனால் என்ன என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து எந்திரம் எண்ணிய கணக்கு தாள் சுருளாக வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் சிரித்தாராம். அந்தக் கவி இறப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றது எந்திரம். மூன்றாம் மூலை இல்லை, முக்கோணமும் இல்லை, எல்லாச் சொற்களும் நிம்மதியாக இருந்தன. நீ செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாய். "நாஞ் சொன்னது தப்புங்க அண்ணி" என்றாய்.

பால் நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தை உன் மடியில் விரித்தேன். தாண்டிய ஒவ்வொரு வரியின் எண்ணையும் அங்கே குறித்து வைத்திருந்தேன். சொல்லை எழுத மனம் வரவில்லை. விட்டதைக் குறிக்காமல் விடவும் மனம் வரவில்லை.

"தப்பு உன்னுது இல்ல அம்மிணி. என்னுது."

நீ அந்த எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கவியும் உங்களாட்டத்தான் அண்ணி. சந்தோசத்துக்குப் பக்கத்துல அதைய வெக்கறதுக்கு அவனுக்கும் கை வரல" என்றாய். பிறகு பேனாவை எடுத்து, விட்டுப்போன அட்டைகளை நீயே எழுதினாய். அந்தச் சொல்லின் நிழல் என் மேல் படாதபடி தள்ளி, களத்து ஓரம் உட்கார்ந்து எழுதினாய். கடைசி ஓர் அட்டையில் வரி எண்ணை மட்டும் போட்டு என்னிடம் நீட்டினாய். "இது உங்களுக்கு. எந்திரத்துக்கு நான் வேற எழுதிக் குடுத்துக்கறேன். எப்பத் தைரியம் வருதோ, அப்ப எழுதுங்க."

மறுபடி எண்ணியபோது முக்கோணம் நின்றது. பேராசிரியருக்கும் மறுக்க வழியில்லை. ஆனால் முன்னுரையைக் கண்டதும் முகம் சுளித்தார். 'இச்சொல்லட்டைகளை எழுதி அடுக்கியவர் என் அண்ணி. அவர் சில அட்டைகளை விட்டதும், விட்டதை மறைக்காமல் குறித்து வைத்ததும் இந்த ஆய்வின் பகுதி' என்று எழுதியிருந்தாய். படிக்காத பெண்ணின் பேரும் வேண்டாம், பிழையும் வேண்டாம், இரண்டு வரியை அடித்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான்கூடக் கெஞ்சினேன். "ரெண்டு வரிதானே அம்மிணி, அடிச்சுட்டுப் பட்டத்த வாங்கிக்க."

"அட்டைய நீங்க எழுதுனது நெசம். அதைய அடிச்சுட்டுப் பட்டம் வாங்குனா, அதுதானுங்க பொய்க் கணக்கு."

கையெழுத்து வரவில்லை. பட்டமும் வரவில்லை. நீ எப்போதும்போல பஸ் ஏறிப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தாய். அந்தத் துணிச்சலை அன்று நான் பிடிவாதம் என்று நினைத்தேன். போன ஐப்பசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, வந்தவர்கள் எல்லோரும் 'தவறிவிட்டாள்', 'சாமிகிட்டப் போய்ட்டா' என்று சொன்னபோது நானும் அப்படியேதான் சொன்னேன். இத்தனை மாதமும் இந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

நீ அன்று என்னிடம் நீட்டிய அட்டை இன்று பெட்டியின் அடியில் கிடந்தது. உன் கையெழுத்தில் வரி எண், மேலும் கீழும் வெறுமை. என் மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். விளக்கேற்றிவிட்டு அதே வாசலில் உட்கார்ந்தேன். பிள்ளையார் சுழி போட்டேன். கீழே அந்தச் சொல்லை எழுதினேன், ஆங்கிலத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். சாவு. நீ செத்துப்போனாய் அம்மிணி. சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

அட்டையை அதன் இடத்தில் செருகிச் சிவப்பு நூலைக் கட்டிவிட்டேன். நாளைக்குப் பியூன் வந்தால் மோர் கொடுப்பேன். பெட்டியைக் கொடுக்க மாட்டேன். முன்னுரையின் அந்த இரண்டு வரியையும் என் கையால் எழுதி, "இது அச்சில் வரட்டுமுங்க, அப்புறம் அட்டைய வாங்கிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவேன்.