மடித்து ஒட்டிய பிளாஸ்திரி

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு அபிஷேகப்பாக்கத்திலிருந்து அம்மா ஆண்டாள் எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். அப்பாவின் கால் புண் ஆறி வருகிறது. நீ சொல்லிக் கொடுத்தபடியே நான்தான் கட்டு மாற்றுகிறேன். தேவி அத்தை செத்துப் போன நாளிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. ஹாஸ்டலுக்கும் வந்தேன். வார்டன் அம்மா கதவருகிலேயே நிற்க வைத்து, "அது யாரையும் பாக்க மாட்டேங்குதும்மா, என்னைத் திட்டாதீங்க" என்றார்கள். யாரைத் திட்டப் போகிறேன். வாங்கிப் போன கொய்யாவை அவர்களிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அதனால்தான் இந்த எழுத்து. கோணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள்.

செவலைப் பசு கன்று ஈன்றிருக்கிறது, கிடாரிதான். கன்று எழுந்து நின்ற அன்றைக்குத் தெருவில் கரும்பு லாரி கரண்டு கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. லாரிக்காரன் கம்பி தாழ்வு என்கிறான், நம் தெருக்காரர்கள் பாரம் உயரம் என்கிறார்கள். அப்பா நடுவில் போய், "ரெண்டும் இல்லடா, தெருதான் மேட்ல இருக்குது" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு அப்பா வாய் திறந்தது அன்றைக்குத்தான். பார், எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகிறேன்.

நேற்று உஷாராணி வந்தாள். உன்னோடு அதே வார்டில் வேலை செய்கிற பெண் என்று சொன்னதும் தோசை சுட்டுக் கொடுத்தேன். பலகை போட்டும் உட்காரவில்லை, நின்றபடியே தின்றாள். "இன்னாம்மா, யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்டேன். "பழக்கம்மா. உக்காந்தா அடுத்த நிமிசம் யாராவது சிஸ்டர்னு கூப்புடுவாங்க, அதனால நாங்க உக்கார்றதே இல்ல" என்று சிரித்தாள். நீயும் இங்கே வந்தால் அடுப்படியில் சாய்ந்து நின்றுதான் சாப்பிடுவாய். எனக்கு உதவி செய்வதற்காக நிற்கிறாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நீ ஒருநாளும் சொல்லாததை எல்லாம் அவள் சொன்னாள். வார்டு முழுக்க நோயாளி, பார்க்க நீங்கள் இரண்டே பேர். ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி வீட்டுக்குப் போக முடியாது. ஒன்றுக்குப் போக நேரம் கிடைக்காது என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால் படித்த சர்ட்டிபிகேட் எல்லாம் ஆபீசில் பூட்டிக் கிடக்கிறது. உன்னிடம் கேட்டால், "வேலைதானம்மா, நல்லாத்தான் இருக்குது" என்பாய். ஒரு தாத்தா வீட்டுக்குப் போகும்போது உன் தலையில் கை வைத்துவிட்டுப் போனாராம். அதை மட்டும் எத்தனை தரம் சொல்லியிருப்பாய்.

அப்புறம்தான் உஷாராணி வந்த விஷயத்தைச் சொன்னாள். நீ வருகிற புதன்கிழமை ஒதியம்பட்டுக்கு, அத்தை கருமாதிக்கு வரப் போகிறாயாம். எல்லார் முன்னாலும் வீரமணி மாமா காலில் விழப் போகிறாயாம். "இத்தோட முடியட்டும், எனக்குத் தெம்பு இல்லன்னு சொல்லுதும்மா" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரில் வந்து நின்றேன்.

நம் சொந்தக்காரர்கள் பேசி வைத்தது எனக்கும் தெரியும். பெரியவர்கள் கூடி, "பொண்ணு வந்து தாய்மாமன் காலுல வுழட்டும், வீரமணி ஆஸ்பத்திரியில குடுத்த மனுவத் திருப்பி வாங்கிக்குவான்" என்று தீர்த்திருக்கிறார்கள். நீ அத்தையைக் கவனிக்காமல் விட்டாய் என்று அவர் கொடுத்த அந்த மனுவால்தானே உனக்கு மெமோ கொடுத்து, வேலைக்கு வராதே என்று ஹாஸ்டலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. "வுழுந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும்மா. ஆஸ்பத்திரி ஆள் போடாத குத்தம் போயி, கவனிக்காத நர்சுன்னு இவ பேரே நிக்கும். அப்பறம் எங்கயும் வேலை கெடைக்காது" என்று உஷாராணி அழுதாள்.

கண்ணு, அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் பார்த்ததையும் கேள்.

காலையில் தேவி அண்ணிக்கு மூச்சு வாங்குகிறது என்றதும் வேன் பிடித்து ஏற்றினோம். என் போனில்தான் உன்னைக் கூப்பிட்டேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டேன். நீ சொன்னாய்: "மாமா, இங்க இருதய டாக்டர் இல்ல. இங்க கொண்டாராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க." உன் மாமா சிரித்தார். "இன்னாடி, மாமன் வந்தா வேலை சாஸ்தியாவும்னு பாக்குறியா? நம்ம பொண்ணு இருக்கற எடத்த வுட்டுட்டு வேத்து ஆள் கையில குடுப்பனா?" என்றார். பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் வேன் வந்தது. அந்த நேரம் அண்ணியும் மூச்சு வாங்கிக்கொண்டே, "சுதா கிட்டயே போலாம்" என்றாள். அவளுக்கு உன்மேல் அப்படி ஒரு உசிர். குழம்பில் மீன் தலையை மகனுக்குக்கூட வைக்காமல் உனக்கு எடுத்து வைப்பாளே.

நீ ராத்திரி வேலை முடித்தும் மாற்று ஆள் வராமல் அங்கேயே நின்றிருந்தாய். கண் சிவந்திருந்தது. ஊசி போட்டு ட்ரிப்ஸ் ஏற்றினாய், டாக்டரைக் கூப்பிட ஓடினாய், போன் போட்டாய், வருகிறேன் என்றவர் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற ஆம்புலன்ஸ் கேட்டாய், அதுவும் வரவில்லை. அப்போதுதான் கோடிக் கட்டிலில் அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அதன் அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ அண்ணியைப் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய், ஓடினாய். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அண்ணி என் கையைப் பிடித்தபடி போய்விட்டாள். திரும்பி வந்த உன்னை மாமா அறைந்தார். "ஊரான் புள்ளைக்கு ஓடுறியே, சொந்த ரத்தம் இங்க கெடக்குதேடி" என்று கத்தினார். வார்டே பார்த்தது. நீ கன்னத்தில்கூடக் கை வைக்கவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அண்ணியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாத்தனார் முறைக்கு நான்தான் குளிப்பாட்டினேன். ட்ரிப்ஸ் ஏற்றின இடத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாய். அதன் ஒரு ஓரத்தை விரலால் மடித்து ஒட்டியிருந்தாய். அப்பாவின் கால் கட்டுக்கும் நீ அப்படித்தானே செய்வாய். "இப்டி மடிச்சா உரிக்கறப்ப தோல் வலிக்காதும்மா" என்பாயே. அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தேன், லேசாக வந்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து, இதை ஒட்டினது அண்ணி போன பிறகு. மாமா உன்னை அறைந்த பிறகு. அடி வாங்கின கையோடு, செத்த உடம்புக்கு வலிக்கக் கூடாது என்று மடித்திருக்கிறாய். எனக்கு அண்ணிக்காக வந்த அழுகையா, உனக்காக வந்த அழுகையா என்று தெரியவில்லை. பெண்கள் எல்லாம் நான் அண்ணிக்காக அழுகிறேன் என்று பிடித்துக்கொண்டார்கள்.

உஷாராணி போனதும் நான் நேரே ஒதியம்பட்டுக்குப் போனேன். அண்ணன் மோட்டார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நடவுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, மடை உடைந்து பக்கத்து நிலத்துக்குப் போவதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் இறங்கி மடையைக் கட்டிவிட்டு வந்தேன். "அண்ணே, அவ அன்னைக்கே இங்க வராதீங்கன்னு சொன்னா. நீயும் கேட்ட, நானும் கேட்டேன்" என்றேன். கோபப்படுவார் என்று பயந்தேன், ஆனால் கோபமே வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அப்ப நான்தான் தேவியக் கொன்னுட்டேனா ஆண்டா?" என்று கேட்டார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல் பார்ப்போம். இல்லை என்றால் உன்னைக் காட்டிக் கொடுத்ததாகும், ஆமாம் என்றால் அவரைக் கொன்றதாகும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தபா வந்து வுழச் சொல்லு. அவ தப்புன்னு ஆச்சுன்னா நான் கொஞ்சம் தூங்குவேன். மனுவக் கிழிச்சிப் போட்டுடுறேன், அவளுக்கு நானே சீர் செய்யறேன்" என்று குழந்தை மாதிரி அழுதார். உன் மாமா அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா செத்தபோதுகூட என்னைத் தேற்றினவர் அவர். அந்த நேரம், பொய் சொல்ல மாட்டேன் கண்ணு, சரி அண்ணே, வரச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன். உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். இருந்தாலும் புதன்கிழமை நீ வராதே. நீ அந்தப் பந்தலில் வந்து நின்றால், அண்ணன் என்னைப் பார்த்தால், உன் தோளை அமுக்கி நானே விழ வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அங்கே உன் அம்மாவை நம்பாதே.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நான் வருகிறேன், அப்பாவும் வருகிறார். நீ போனில் சொன்னதை, ராத்திரியும் பகலும் நின்றதை, யார் வரவில்லை என்பதை நான் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு எனக்குப் பிறந்த வீடு இல்லை, தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த வேலையில் இரு, இல்லை விட்டுவிடு, எது உனக்குத் தோன்றுகிறதோ அதைச் செய். தண்ணீர் மட்டும் குடி.

மாரியம்மன் உன் பக்கம் நிற்கட்டும். யார் காலிலும் விழாத பிள்ளையாக எனக்கு நீ வேண்டும். புதன்கிழமை மட்டும் பஸ் ஏறாதே கண்ணு.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா ஆண்டாள்