இரண்டாவது அலை வராத பக்கம்

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. முகையூரில் அப்பாவும் நானும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. சிலியில் நீ இருக்கிற ஊர் குலுங்கிய நாளிலிருந்து உன் போன் அடிக்கவே இல்லை. உன்னோடு வேலை செய்கிற திண்டிவனத்து அருணா லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் மோட்டார் கொட்டகையில் நீ வைத்துவிட்டுப் போன நிலநடுக்கப் பெட்டி இருக்கிறதே, அன்று காலை அதில் கோடு தாறுமாறாகத் துள்ளியது. மோட்டார் ஓடினால் அந்த அதிர்வும் பதிவாகிவிடும் என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டாயே, அப்பாதான் சொல்லாமல் போட்டுவிட்டார் என்று கண்டபடி திட்டினேன். பாவம் மனுஷன், வேப்பங்குச்சியும் வாயுமாக நின்றுகொண்டு, மோட்டாருக்கு மும்முனை கரண்டே இன்னும் வரலடி என்றார். டிவியில் சிலி என்று காட்டியபோதுதான் புரிந்தது. நீ நின்ற தரையின் ஆட்டம் பூமியைத் துளைத்துக்கொண்டு அரைமணிக்குள் நம் கொல்லைக்கு வந்திருக்கிறது, உன் குரல் இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து அப்பா மோட்டாரைத் தொடவில்லை. கடலைக்கொல்லையில் மல்லாட்டை பூவெடுத்து நிற்கிறது, தண்ணீர் இல்லாமல் வாடுகிறது. மோட்டாரு ஓடினா எம்பொண்ணு ஊரு மறுபடி ஆடுதான்னு தெரியாமப் பூடும், பயிரு கெடக்குது போ என்று பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன்னைத் தேடச் சொல்லி விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கத்தான் ஒருநாள் எழுந்து போனார். நீதானே சொன்னாய், நிலநடுக்கத்தின் முதல் அலை எதையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும், இரண்டாவது அலை பூமி நடுவில் இருக்கிற இரும்புக் குழம்புக்குள் நுழையாமல் நின்றுவிடும் என்று. அது உருண்டையின் மறுபக்கம் வராததை வைத்துத்தான் உள்ளே குழம்பு இருப்பதையே கண்டுபிடித்தார்கள் என்றாய். அன்று பெருமையாகக் கேட்டேன். உன் போன் வராததை வைத்து நான் எதையடி கண்டுபிடிப்பது? எனக்கு அந்தப் படிப்பே வேண்டாம். டவர் விழுந்திருக்கும், போன் இடிபாட்டில் போயிருக்கும், நீ யாருக்காவது ஒத்தாசை செய்து ஓடிக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான்.

விரிசல் விட்ட சுவர் பக்கம் போகாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பசியோடு கிடக்காதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் அதுதான். இது கிடைத்ததும் படித்துக்கொண்டு நிற்காமல் அருணா போனிலிருந்தாவது பேசு. உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கொடுக்க முடியாமல் போனால் எங்களிடம் திருப்பிக் கொண்டுவராதே என்றும் சொன்னேன்.

உன் அம்மா,
தையல்நாயகி