நாலரை அடி நிலை

நத்தம்,
8-2-1967

அன்புள்ள சண்முகவள்ளிக்கு,

உன் புருஷன் பெருமாள்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நான், அம்மா, கன்றுக்குட்டி எல்லோரும் சுகம். கிணற்றுப் படியில் வழுக்கி முதுகெலும்பை முறித்துக்கொண்டாய், சரி. கைவிரலுக்கு என்ன கேடு? மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒரு வரி பதில் இல்லை.

வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து கார்டு வந்தது. இனி உனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்று எழுதியிருந்தார். படித்ததும் அழுதேன், மறைக்கவில்லை. சக்கர நாற்காலியில் நன்றாகப் பழகிவிட்டாய், மார்ச் கடைசியில் அழைத்துப்போகலாம் என்றும் எழுதியிருந்தார். அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வைக்கிற வெஞ்சனத்தில் ஒரு நாள் உப்பு கூட, ஒரு நாள் குறைய. நீ உட்கார்ந்தே சமைக்கிற மாதிரி அடுப்பை மேடையில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். என்றைக்கு வரட்டும்?

இப்படிக்கு,
பெருமாள்சாமி


வேலூர்,
13-2-1967

அன்புள்ள மாமாவுக்கு,

வள்ளி வணக்கத்துடன் எழுதியது. அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? என் விரலுக்குக் கேடில்லை. எழுதத்தான் மனம் வரவில்லை.

நர்ஸ் இன்னாசியம்மாள் என்னைத் தங்கை மாதிரி பார்த்துக்கொள்கிறார். கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே மாறிக்கொள்கிறேன். என் தோள் இரண்டும் இப்போது உங்கள் தோள் மாதிரி ஆகிவிட்டன.

நீங்கள் வர வேண்டாம் மாமா. இந்த நாற்காலி நாலடி அகலம். நம் வீட்டு வாசல் நிலை இரண்டரை அடி. உள்ளே நுழையாது. உங்கள் அப்பா அடியில் நவதானியம் முடிந்து வைத்த நிலை அது. அதைப் பெயர்ப்பது உங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். இங்கே என்னைப் போன்றவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறதாம், தையல் வேலை தருவார்களாம். அங்கே இருந்துகொள்கிறேன்.

நீங்கள் என் தங்கை சொர்ணலட்சுமியைக் கட்டிக்கொள்ளுங்கள். அத்தைக்குப் பேரப்பிள்ளை ஆசை இருக்கிறது. சொர்ணம் குழம்புக்குப் புளியை அளவாகக் கரைப்பாள். மாடும் அவளுக்கு அடங்கும்.

இப்படிக்கு,
வள்ளி


நத்தம்,
27-2-1967

சண்முகவள்ளிக்கு,

'அன்புள்ள' போடவில்லை, கோபமாக இருக்கிறேன். எனக்குப் பெண் பார்க்க உன்னை யார் கேட்டது? சொர்ணத்திடமே உன் கடிதத்தைக் காட்டினேன். "மாமா, அக்காளுக்குக் காலுதான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியுமா போச்சு?" என்று கேட்டாள்.

நான் வந்தபோது நீ கட்டிலில் கிடந்தாய், அந்த நாற்காலியை நான் கண்டதில்லை. நாலடி என்று நீ எழுதியபின் தண்டாயுதபாணி ஆசாரியைக் கூட்டிவந்தேன். அம்மா நிலையை மறித்து நின்றுகொண்டாள்.

"ஏலே, உங்கப்பன் வச்ச நிலைடா. இதப் பேத்தா வீட்ல லச்சுமி தங்க மாட்டா."

"உன் மருமக வர ஏலாத வீட்டுக்கு லச்சுமி மட்டும் வந்து என்னாத்தா செய்யப் போறா?" என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே நிலைக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்து, கடப்பாரையை எடுத்து ஆசாரி கையில் கொடுத்தாள். அடியில் அப்பா வைத்த முடிச்சில் தானியம் மக்கிப்போயிருந்தது, செப்புக்காசு மட்டும் இருந்தது. புது முடிச்சு கட்டி அதே காசைப் போட்டோம்.

சக்கரம் உரசாமல் இருக்க ஆசாரி அரையடி கூட்டி வைத்திருக்கிறார். நாலரை அடி நிலை! சுவரையும் இடித்தோம். படியை எடுத்துவிட்டுச் சரிவு போட்டாயிற்று. "மாட்டு வண்டியை உள்ள விடப் போறியாப்பு?" என்று எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு கேட்கிறான். கேட்டுவிட்டுப் போகட்டும். உன் நாற்காலி நுழையும்.

பெருமாள்சாமி


வேலூர்,
4-3-1967

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இன்னாசியம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அளவுநாடா கொண்டுவந்து நாற்காலியை அளந்தார். நாடாவை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இருபத்தைந்து அங்குலம் மாமா. பழைய நிலையிலேயே நுழைந்திருக்கும். நீங்கள் நிலையைத் தொட மாட்டீர்கள் என்று நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அத்தையிடம் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

பொய் சொன்ன காரணத்தையும் எழுதிவிடுகிறேன். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்னைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மறந்தால் புண் வரும். வந்தாலும் எனக்கு வலிக்காது, அதனால் தினமும் முதுகையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிறுநீர் எடுக்கிற ரப்பர் குழாயை வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டும். சில நாள் சேலை நனைந்துவிடும். இது ஒரு மாதத்து வேலை இல்லை, நான் இருக்கும் வரைக்கும். என்றைக்காவது ஒரு நாள் நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைப் படித்த பிறகும் வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் பதில் எழுத வேண்டாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

வள்ளி


நத்தம்,
9-3-1967

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இருபத்தஞ்சு அங்குலமா? அடிப்பாவி!" என்று கத்தினாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் செத்த நேரம் நிறுத்தவே இல்லை. நீ விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

நிச்சயம் சலித்துக்கொள்வேன். மாட்டிடம் சலித்துக்கொள்கிறேன், மழையிடம் சலித்துக்கொள்கிறேன். உன்னிடம் மட்டும் சலிக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா? நீயும் திருப்பித் திட்டு, முன்பெல்லாம் திட்டியவள்தானே. புதன்கிழமை ரயிலில் வருகிறேன். பத்து நாள் அங்கே தங்குவேன். திருப்புவது, புண் பார்ப்பது, குழாய் கொதிக்கவைப்பது எல்லாவற்றையும் இன்னாசியம்மாள் எனக்குக் கற்றுத்தர வேண்டும் என்று சொல்லிவை.

நிலையைச் சுருக்கிவிடட்டுமா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன். கல்யாணத்தன்று அந்தக் குறுகல் நிலையில் சேர்ந்து நுழைய இடமில்லாமல் நான் முன்னாலும் நீ பின்னாலுமாக வந்தோம். இப்போது நாற்காலி போக இன்னும் ஏறக்குறைய இரண்டரை அடி மிச்சமிருக்கிறது. அதில் நான் உன் பக்கத்திலேயே நடந்து வருவேன். அம்மா ஆரத்தித் தட்டை விளக்கி வைத்துவிட்டாள்.

உன்,
பெருமாள்சாமி